ஸ்பிரிங் வாங்கும், எண்ணெய் அடக்கும்

கைக்குழந்தை இருக்கும் பல வீடுகளில் இப்போது சேலைத் தொட்டிலுக்கு மேலே ஒரு ஸ்பிரிங்கை மாட்டிவிடுகிறார்கள். உத்திரத்துக் கொக்கியில் ஸ்பிரிங், அதன் கீழ்முனையில் தொட்டில். லேசாக இழுத்து விட்டால் போதும். அம்மா அடுப்பிலிருந்து பாலை இறக்கிவைத்துவிட்டு வரும்வரை தொட்டில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் குழந்தை தூங்கிப்போகும். அதே ஆட்டம் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு வந்தால் வண்டி நம் கையில் இருக்காது.

தொட்டிலில் இருப்பதும் வண்டியில் இருப்பதும் ஒரே இயல்புள்ள எஃகுச் சுருள்தான். வண்டியின் சுருளுக்குள்ளே ஒரு குழாய் இருக்கிறது, குழாய்க்குள் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது. இந்த அத்தியாயம் அந்த எண்ணெயைப் பற்றியது. அது தீர்ந்துபோனபோது சுருளும் குழாயும் சேர்ந்த ஷாக்கை என் வீட்டு வாசலிலேயே எப்படி மாற்றினேன் என்பதும் இதில் உண்டு.

என்னுடையது பின்னால் இரண்டு ஷாக்குகள் உள்ள 100 சிசி வண்டி, வாங்கிப் பதினோரு ஆண்டு. வேகத்தடை ஏறி இறங்கியதும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை துள்ளுவது சில மாதங்களாகவே பழகிப்போயிருந்தது. சாலைதான் மோசம் என்று நினைத்துக்கொண்டேன். பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் மெக்கானிக் குனிந்து பார்த்தார். "சார், ராடுல பாருங்க, ஆயில் கக்கியிருக்கு. உள்ள ஒண்ணும் இல்ல. வெறும் ஸ்பிரிங்லதான் ஓட்டிக்கிட்டிருக்கீங்க" என்றார்.

வெறும் ஸ்பிரிங்கில் ஓட்டுவது என்றால் என்ன என்பதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். இயற்பியல் அதைச் சற்று நீட்டிச் சொல்கிறது.

ஸ்பிரிங்கின் விதியை முதலில் சொன்னவர் லண்டன் ராயல் சொசைட்டியில் சோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்த ராபர்ட் ஹூக். கண்டுபிடிப்பு தன்னுடையது என்று பதிவாக வேண்டும், ஆனால் அடுத்தவருக்குப் புரிந்துவிடக் கூடாது; அதனால் 1676-இல் லத்தீன் வாக்கியம் ஒன்றின் 14 எழுத்துகளை அகரவரிசையில் கலைத்துப்போட்டு அச்சிட்டார். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் விடையை அவிழ்த்தார். எவ்வளவு நீள்கிறதோ அல்லது சுருங்குகிறதோ, அந்த அளவுக்கு ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும் என்பதே அந்த விடை. இரண்டு மடங்கு அமுக்கினால் இரண்டு மடங்கு எதிர்ப்பு.

இந்த விதியில் ஒரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது. ஸ்பிரிங் கடன் வைத்துக்கொள்ளாது. நாம் கொடுத்த ஆற்றலை அநேகமாக முழுதாகத் திருப்பிக் கொடுத்துவிடும். பள்ளத்தில் இறங்கிய வண்டி எந்த ஆற்றலோடு ஸ்பிரிங்கை அமுக்கியதோ, கிட்டத்தட்ட அதே ஆற்றலோடு ஸ்பிரிங் வண்டியைத் தூக்கியடிக்கும். வண்டி மறுபடி இறங்கும், ஸ்பிரிங் மறுபடி தூக்கும். தொட்டில் ஆடுவது போலத்தான். இந்தக் கொடுக்கல் வாங்கலை யாராவது முடித்துவைக்க வேண்டும்.

அதை முடித்துவைப்பது எண்ணெய். ஷாக்கின் குழாய்க்குள் ஒரு பிஸ்டன், அதில் சிறு துளைகள். வண்டி இறங்கும்போதும் ஏறும்போதும் எண்ணெய் அந்தத் துளைகள் வழியே முண்டியடித்துப் போக வேண்டும். வீட்டில் பழைய ஊசிக் குழல் இருந்தால் (சிரிஞ்ச் என்று மருந்துக்கடையில் கேட்டாலும் கிடைக்கும்) தண்ணீர் ஏற்றிப் பாருங்கள். மெதுவாகத் தள்ளினால் தடையே தெரியாது. வேகமாகத் தள்ளினால் கட்டைவிரல் வலிக்கும். சிறு துளையில் பாயும் திரவத்தின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியைப் போல ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. ஸ்பிரிங் எவ்வளவு தூரம் என்று கேட்கிறது. எண்ணெய் எவ்வளவு வேகம் என்று கேட்கிறது. இரண்டும் சேர்ந்த ஏற்பாடுதான் ஷாக் அப்சார்பர், நம் பட்டறைகளின் வாயில் ஷாக்கப்சர்.

துளைகளை மட்டும் விட்டிருந்தால் பெரிய கல்லில் மோதும்போது எண்ணெய் கல்போல் இறுகி, அடி அப்படியே முதுகெலும்புக்கு வந்துவிடும். அதனால் துளைகளின் வாயில் மெல்லிய எஃகு வட்டுகளை அடுக்கியிருப்பார்கள். அழுத்தம் கூடினால் அவை வளைந்து கூடுதல் வழி விடும். சுருங்கும்போது எண்ணெய் ஓரளவு எளிதாகப் போகும்; விரியும்போது அதிகம் தடுக்கப்படும். ஸ்பிரிங் அடியை வாங்கட்டும், திருப்பி அடிக்க மட்டும் விடக்கூடாது என்ற எண்ணம்.

தடுக்கப்பட்ட ஆற்றல் எங்கே போகிறது? சூடாகிறது. பின்பக்க ஸ்பிரிங்குகள் தாங்கும் பாரம் 120 கிலோ, அது 5 சென்டிமீட்டர் விழுகிறது என்று வையுங்கள். சுமார் 60 ஜூல். ஆளுக்கு 30 ஜூலாக இரண்டு ஷாக்குகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரு ஷாக்கில் 50 மில்லி எண்ணெய் என்று கொண்டால் அதை ஒரு டிகிரி சூடாக்க 80 ஜூல் அளவு போதும். ஆக, மூன்று பள்ளத்துக்கு ஒரு டிகிரி. உலோகமும் காற்றும் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டே இருப்பதால்தான் கரடுமுரடான சாலையில் எண்ணெய் கொதிக்காமல் தப்பிக்கிறது. மோசமான சாலையில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கி இரண்டு ஷாக்குகளையும் தொட்டுப் பாருங்கள். சைலன்சர் பக்கத்து ஷாக் அதன் அனலையும் வாங்கியிருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பக்கத்து ஷாக்கும் வெதுவெதுப்பாக இருந்தால் அது வேலை செய்கிறது. சில்லென்று இருந்தால் அது வெறுமனே கூட வந்திருக்கிறது.

ஷாக் என்பது உட்காருகிறவரின் சொகுசுக்கு என்று நினைத்துத்தான் பலரும் அதை வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். நானும் தள்ளிப்போட்டவன். சொகுசு அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை டயரைத் தரையோடு ஒட்டவைப்பது. டயரும் காற்றடைத்த ஒரு ஸ்பிரிங்தான். அதற்கும் மேலே உள்ள எஃகுச் சுருளுக்கும் நடுவே சக்கரம் மாட்டிக்கொண்டிருக்கிறது. எண்ணெய் இல்லாவிட்டால் வண்டியின் உடல் நொடிக்கு இரண்டு தடவை அளவில் ஆடும், அது நமக்குத் தெரியும். சக்கரமோ நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடிக்கும், அது தெரியாது. துடிக்கும் சக்கரம் தரையை விட்டு எழும்பி எழும்பி விழும். 60 கிலோமீட்டர் வேகத்தில் பத்தில் ஒரு நொடி டயர் அந்தரத்தில் இருந்தால், 1.6 மீட்டருக்கு மேல் பின்பிரேக் இல்லாமல் போகிறீர்கள் என்று அர்த்தம். பழைய டயரைத் தடவிப் பார்த்தால் சில இடங்களில் மட்டும் குழி குழியாகத் தேய்ந்திருப்பது தெரியும். துள்ளிய சக்கரம் விட்டுப்போன கைரேகை அது.

மோட்டார் சைக்கிளுக்குப் பின்பக்க ஷாக் வந்து சேர்ந்ததே தாமதமாகத்தான். ஆரம்பகால வண்டிகள் பெரும்பாலானவற்றில் பின்சக்கரத்தை ஃபிரேமோடு இறுக்கி முடுக்கிவிட்டு, இருக்கைக்கு அடியில் மட்டும் இரண்டு ஸ்பிரிங் வைத்தார்கள். ஆள் மிதப்பார், சக்கரம் அடிவாங்கும். பின்சக்கரத்தைத் தாங்கி ஊசலாடும் பின்கையும் எண்ணெய் ஷாக்கும் கொண்டு 1949-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட் அன்று புதுமை. அந்த வண்டிதான் இந்திய ராணுவத்துக்காக வந்து, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, நம் திருவொற்றியூரில் தயாராகத் தொடங்கியது. பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸ் இரண்டு ஷாக்குகளுக்குப் பதில் நடுவில் ஒன்றே போதும் என்று காட்டினார். யமஹா அதை வாங்கியது. 1973-இல் ஹோகன் ஆண்டர்சன் அந்த மோனோஷாக் வண்டியில் 250 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டத்தை வென்றார். இன்று நம் தெருக்களில் இரண்டு வகையும் ஓடுகின்றன. வீட்டில் மாற்ற ஏற்றது இரட்டை ஷாக். மோனோஷாக்கைக் கழற்ற வண்டியின் பின்பாதியையே தொங்கவிட வேண்டியிருக்கும். அதற்கான வசதி இல்லாதவர்கள் பட்டறைக்குப் போவது நல்லது.

கெட்டுப்போனதை உறுதிசெய்ய ஒரு சோதனை போதும். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி நேராக நிறுத்தி, சீட்டின் பின்முனையை முழு எடையோடு அமுக்கிச் சட்டென்று விட வேண்டும். மகளை எண்ணச் சொன்னேன். "மூணு தடவைப்பா. நாலாவது கொஞ்சூண்டு" என்றாள். நல்ல ஷாக் என்றால் ஒரே தடவை எழும்பி அப்படியே அமர்ந்துவிடும். அடுத்து, பிஸ்டனோடு சேர்ந்து குழாய்க்குள் ஏறி இறங்கும் ராடைப் பார்க்க வேண்டும். பளபளவென்று இருக்க வேண்டிய குரோம் பூச்சில் புள்ளி புள்ளியாகத் துரு. அதன் மேல் எண்ணெயும் புழுதியும் குழைந்து கருஞ்சாந்து போல ஒரு வளையம். துருப்பிடித்த புள்ளி ஒவ்வொன்றும் ஓர் அரம். ராடு ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் எண்ணெயை உள்ளே அடைத்துவைக்கும் ஆயில் சீலின் ரப்பர் உதட்டை அது அறுக்கிறது. அறுந்த இடத்தில் எண்ணெய் வெளியே வருகிறது, காற்று உள்ளே போகிறது. காற்றும் எண்ணெயும் கலந்தால் நுரை. நுரை அமுங்கும், துளையில் முண்டியடிக்காது. எண்ணெய் பாதி இருக்கும்போதே ஷாக் முக்கால்வாசி செத்துவிடுவதற்கு இதுதான் காரணம். ஸ்பிரிங் கெடுவது அபூர்வம். என் வண்டியின் சுருள்கள் பதினோரு வருடத்துக்குப் பிறகும் சரியாகவே இருந்தன.

ஒன்று மட்டும் கசிந்தாலும் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு பக்கம் தடுத்து மறுபக்கம் தடுக்காவிட்டால் ஒவ்வொரு பள்ளத்திலும் பின்கை முறுக்கப்படும். கடைக்குப் போகும்போது அளவை எடுத்துப் போங்கள்: மேல் கண்ணின் (போல்ட் நுழையும் வளையத்தின்) மையத்திலிருந்து கீழ்க் கண்ணின் மையம் வரை. நீளம் கூடினால் வண்டி முன்னால் சாய்ந்து ஹேண்டில்பாரின் குணமே மாறும். குறைந்தால் ஹெட்லைட் மரக்கிளைகளைப் பார்க்கும்.

சுருள் கம்பியின் தடிமனை நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். சுருளை அமுக்கும்போது கம்பி அமுங்குவதில்லை, முறுக்கிக்கொள்கிறது. ஈரத் துணியைப் பிழிவது போன்ற முறுக்கு. முறுக்குக்கு எதிரான விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 7 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 7.7 மில்லிமீட்டர், அதாவது பத்து சதவீதம்தான் கூடுதல். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் ஸ்பிரிங் 46 சதவீதம் கடினமாகிவிடும். கண்ணால் பார்த்தால் வேறுபாடே தெரியாது, இடுப்புக்குத் தெரிந்துவிடும். "இதுவும் உங்க வண்டிக்கு உட்காரும் சார்" என்று கடைக்காரர் சொல்லும்போது கண்கள் பொருந்துவதைத்தான் சொல்கிறார். உங்கள் வண்டியின் மாடல் பெயர் போட்ட பாகத்தையே கேட்டு வாங்குங்கள். நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

புது ஷாக் பெட்டியில் படுத்துக் கிடந்திருக்கும். படுத்துக் கிடந்ததில் உள்ளே காற்று இடம் மாறி பிஸ்டன் அறைக்குள் போயிருக்கலாம். அதனால் மாட்டுமுன் ஒரு மரப்பலகை மேல் நட்டமாக, வண்டியில் நிற்கும் வாக்கிலேயே நிறுத்தி, உடம்பின் எடையைக் கொடுத்து ஏழெட்டு முறை அமுக்கி அமுக்கி விடுங்கள். முதல் இரண்டு மூன்று தடவை உள்ளே களக் களக் என்று சத்தம் வரும். பிறகு சத்தம் அடங்கி, விடும்போது ஸ்பிரிங் நிதானமாக எழும். காற்று மேலேறி, எண்ணெய் தன் இடத்துக்கு வந்துவிட்டது.

வேலைக்கு வேண்டியவை சில. என் வண்டிக்கு 14-ஆம் நம்பர் ரிங் ஸ்பானரும் பாக்ஸ் ஸ்பானரும் போதுமாக இருந்தன. உங்கள் வண்டிக்கு வேறு நம்பர் வரலாம். மரச் சுத்தி, உப்புத்தாள், கொஞ்சம் கிரீஸ், துணி, டயருக்கு அடியில் வைக்க ஒரு மரக்கட்டை. என்ஜினும் சைலன்சரும் ஆறியிருக்க வேண்டும். காலை வேளை உத்தமம்.

வண்டியைச் சமதரையில் டபுள் ஸ்டாண்டில் ஏற்றினால் பின்சக்கரம் தரையை விட்டுத் தொங்கும். இப்போது ஷாக்குகள்தான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் பின்கை மடமடவென்று இறங்கிவிடும், துளைகளை மறுபடி நேராக்குவது படாத பாடு. ஒரு பக்கத்தைக் கழற்றி, அந்தப் பக்கத்துக்குப் புதியதை மாட்டிவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். இந்த வேலையில் ஒரே ஒரு சூட்சுமம் உண்டென்றால் இதுதான்.

இடது பக்கம் சாரி கார்டு குறுக்கே நிற்கும். முதலில் அதைக் கழற்றுங்கள். பின்கைப்பிடியும் சில வண்டிகளில் மேல் நட்டோடு சேர்ந்தே இருக்கும். கீழ் நட்டில் பல மழைகாலத்துச் சேறும் துருவும் ஏறியிருக்கும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் காலையில் மல்லுக்கட்ட வேண்டாம். என் வண்டியில் கீழ் போல்ட் அசையவே மறுத்தது. ஸ்பானரின் முனையில் உள்ளங்கையை வைத்து, உதறாமல், சீராக அழுத்தினேன். க்ரீச் என்று ஒரு சத்தம், மயிரிழை அளவு நகர்வு. அதற்குப் பிறகு தானாக வந்தது. வெளியே எடுத்த போல்ட்டின் நடுப்பகுதி காவி நிறத்தில் இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, மெல்லிசாக கிரீஸ் தடவினேன். மரையில் மட்டும் கிரீஸ் படக்கூடாது. பட்டால் வழக்கமான பலத்திலேயே அளவுக்கு மேல் முறுக்கிவிடுவோம்.

எந்த வாஷர் உள்ளே, எது வெளியே என்பதைக் கழற்றும்போதே செல்போனில் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சுருளின் நெருக்கமான சுற்றுகள் மேலே இருந்தனவா கீழே இருந்தனவா என்பதையும் பாருங்கள். புதியதும் அதே வாக்கில் நிற்க வேண்டும். மேல் கண்ணை முதலில் நுழைத்து, கீழ்க் கண்ணின் துளை சற்றுத் தள்ளி நின்றால் டயருக்கு அடியில் மரக்கட்டையைச் செருகி ஏற்றியோ இறக்கியோ நேராக்கலாம். போல்ட் கையாலேயே உள்ளே போக வேண்டும். சுத்தியால் அடித்து நுழைத்தால் மரை போய்விடும்.

கண்களுக்குள் ரப்பர் புஷ் இருக்கிறதல்லவா, அதற்காக ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். நட்டுகளை முதலில் பாதி இறுக்கத்தில் விட்டு, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, சீட்டில் ஒருவரை உட்காரவைத்து, அதன்பிறகு முழுதாக முடுக்குவேன். தொங்கும் நிலையிலேயே முடுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டு, ஓடும் நேரமெல்லாம் முறுக்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும்.

பழைய ஷாக்கின் ஸ்பிரிங்கைத் தனியே கழற்றிப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். அது ஏற்கெனவே அமுக்கி மாட்டப்பட்ட சுருள். பிடி தவறினால் முகத்தைப் பெயர்க்கும். சிறு குப்பி ஒட்டிய வகை என்றால் உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கிறது. துளை போடவோ தீயில் போடவோ கூடாது.

கடைசியாக, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைக்க ஷாக்கின் அடியில் உள்ள படிகள். பெரும்பாலும் ஐந்து படி. "டைட்டா வெச்சா ஸ்பிரிங் கடினமாகும்" என்று ஊரே சொல்கிறது. கடினமாகாது. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் ஒரு மில்லிமீட்டருக்கு ஒன்றரை கிலோ எதிர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 60 கிலோ பாரம் வந்தால் சுருள் 40 மில்லிமீட்டர் அமுங்கியாக வேண்டும். படியால் முன்கூட்டியே 10 மில்லிமீட்டர் அமுக்கி வைத்திருந்தால் வண்டி 30 மட்டும் இறங்கும். 20 அமுக்கி வைத்திருந்தால் 20 இறங்கும். எப்படிப் பார்த்தாலும் சுருள் 40-இல்தான் நிற்கிறது, அதன் விறைப்பும் அதேதான். மாறியது வண்டி நிற்கும் உயரம். பின்னால் 60 கிலோ ஆள் ஏறினால் ஒவ்வொரு சுருளும் இன்னும் 20 மில்லிமீட்டர் இறங்கும், பள்ளத்துக்கு மிச்சமிருக்கும் இடம் குறையும். அப்போது படியை ஏற்றினால் இழந்த உயரம் திரும்பக் கிடைக்கும். தனியாகப் போகிறவர் கடைசிப் படியில் வைத்து ஓட்டினால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொட இடமே இருக்காது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

எல்லாம் முடிய எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. மறுபடி சீட்டை அமுக்கி விட்டேன். "ஒரே தடவை ஏறி நின்னுருச்சுப்பா" என்றாள் மகள். அதன் பிறகு அவளே இரண்டு முறை அமுக்கிப் பார்த்துக்கொண்டாள்.

நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் நீங்களும் ஒருமுறை சீட்டை அமுக்கி விட்டு எண்ணுங்கள். மாற்றியவர்கள், முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நான்கு நட்டுகளிலும் ஸ்பானரை வைத்துப் பாருங்கள். புது ரப்பர் படிந்ததும் இறுக்கம் சற்றுக் குறைந்திருக்கும்.